குளிக்கும் தொட்டியில் கொட்டும் பூச்சிகள்



இந்த ஏட்டை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் படிக்க ஒருவர் கேட்டாலும் சரிதான். இதில் சொல்லியிருக்கும் காரியங்களை ஆண் வேலை, பெண் வேலை என்று பிரிக்க முடியாது. தொட்டியில் துணி துவைப்பவர் ஒருவர், மோட்டார் போடுபவர் ஒருவர். பிள்ளைக்குக் கொட்டிவிட்டால் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர். ஆகவே இருவருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டணத்தில் வசதியுள்ள சில வீடுகளில் கொல்லைப்புறத்தில் நீச்சல்குளம் கட்டியிருப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பம்புசெட் தொட்டிதான் நீச்சல்குளம். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும்போது, பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்துகொள்ள, பிள்ளைகள் பொழுதெல்லாம் தொட்டியில்தான் கிடப்பார்கள். அதே நாட்களில்தான் தேனீயும் குளவியும் கதண்டும் அந்தத் தண்ணீரைத் தேடி வருகின்றன.

"ஏங்க, தொட்டிக்கிட்ட போகவே முடியல. ஒரே தேனீயா மொய்க்குது. நேத்து சின்னவன் கால்ல கொட்டிடுச்சு."

"இருக்கட்டும் புள்ள, டீசல்ல நனைச்சு ஒரு பந்தம் கட்டுறேன். ராத்திரி போயி கூட்டையே கொளுத்திப்புடுறேன்."

இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. பந்தம் கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பந்தத்துக்கே வேலை இருக்காது.

பூச்சி ஏன் தண்ணீருக்கு வருகிறது?

கொட்டுவதற்காக வருவதில்லை. தாகத்துக்காகவும் வீட்டு வேலைக்காகவும் வருகிறது. தேன் கூட்டுக்குள் குஞ்சு வளரும் பகுதி ஏறக்குறைய 34, 35 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். அதற்கு மேல் சூடு ஏறினால் குஞ்சுகள் கெட்டுப்போகும். வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது தேனீ என்ன செய்யும்? தண்ணீரை வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய், அறைகளின் மேல் துளித்துளியாகத் தடவி, இறக்கையால் விசிறும். நாம் மண்பானையில் தண்ணீர் வைத்துக் குளிரவைக்கிறோமே, அதே சூட்சுமம்தான். கெட்டியான தேனைக் கரைத்துக் குஞ்சுக்கு உணவு தயாரிக்கவும் அதற்குத் தண்ணீர் வேண்டும்.

குளவிக்கும் கதண்டுக்கும் அப்படியே. கூட்டைக் குளிர்விப்பதோடு, மரப்பட்டையைச் சுரண்டி மென்று காகிதம் போன்ற கூடு கட்டவும் அவற்றுக்கு ஈரம் தேவை. மண்கூடு கட்டும் வேட்டைக்குளவி தொட்டி வாய்க்காலின் ஓரத்தில் சேற்றைத்தான் உருட்டிக்கொண்டு போகும்.

ஆகவே தண்ணீர் குடிக்கவந்த தேனீ உங்களைப் பார்ப்பதே இல்லை. கூட்டைக் காவல் காக்கும் தேனீதான் சீறும். தண்ணீர்க்காரத் தேனீ சாது. பின் எப்படிக் கொட்டுகிறது? மிதித்தால், நசுக்கினால், துணியோடு சேர்த்துப் பிழிந்தால், அக்குளில் மாட்டிக்கொண்டால் கொட்டும். தண்ணீரில் விழுந்து மிதக்கும் தேனீயைப் பிள்ளைகள் கையால் அள்ளும்போதும் கொட்டும். செத்த தேனீயின் கொடுக்குக்கூடக் குத்தும் என்பது பலருக்குத் தெரியாது. தொட்டியில் இறங்குமுன் மிதப்பவற்றைச் சல்லடையாலோ பழைய வடிதட்டாலோ வழித்து எறிந்துவிடச் சொல்வது இதனால்தான். தொட்டியைச் சுற்றி ஈரத்தரையில் செருப்பில்லாமல் நடக்கவும் வேண்டாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கொட்டு வாங்கிய பிள்ளை பயத்தில் துள்ளும். பாசி பிடித்த தொட்டி விளிம்பில் துள்ளினால் வழுக்கித் தண்ணீரில் விழும். தேனீ கொட்டிய வலி ஒரு நாளில் போய்விடும். ஆளில்லாத தொட்டியில் விழுந்த பிள்ளை திரும்பி வராது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெரியவர் துணையில்லாமல் தொட்டிக்கு அனுப்பாதீர்கள். 'அக்கா பாத்துக்குவா' என்று 8 வயதுப் பெண்ணைக் காவல் வைப்பது காவலாகாது.

தேனீக்கு வேறு தண்ணீர் கொடுங்கள்

தொட்டியிலிருந்து பூச்சியை விரட்டுவதைவிட, அதற்கு வேறோர் இடத்தில் தண்ணீர் காட்டிவிடுவது சுலபம். ஆனால் காலம் பார்த்துச் செய்ய வேண்டும். தேனீ ஓர் இடத்தைத் தண்ணீர்த்துறை என்று பழகிக்கொண்டுவிட்டால் நாளும் அங்கேயேதான் வரும். தன் கூட்டத்துக்கும் வழி சொல்லும். அதனால் மாசி மாதத்திலேயே, வெயில் ஏறுமுன், மாற்றுத் தண்ணீரை வைத்துவிடுங்கள். சித்திரையில் யோசித்தால் பாதிப் பலன்தான்.

எங்கே வைப்பது? பூச்சி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒரு நாள் காலை 10 மணி வாக்கில் நின்று கவனியுங்கள். தொட்டியிலிருந்து எழும் தேனீ நேர்க்கோடாக ஒரு பக்கம் பறக்கும். கூடு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்த வழியிலேயே, தொட்டிக்கு 30, 40 அடி தள்ளி, ஆள் நடமாட்டம் இல்லாத மரநிழலில் தண்ணீர் வையுங்கள். ஏற்கெனவே தொட்டிக்குப் பழகியிருந்தால் முதலில் பக்கத்திலேயே வைத்து, தினமும் சில அடி வீதம் நகர்த்திக்கொண்டு போகலாம்.

எப்படி வைப்பது? தேனீக்கு நீந்தத் தெரியாது. நின்று குடிக்கப் பிடிமானம் வேண்டும். அகன்ற மண்சட்டியில் கூழாங்கல்லும் தேங்காய்மட்டைத் துண்டும் போட்டு, கல்லின் தலை நனையாத அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். பாசி வாடையும் கொஞ்சம் உப்புக் கரிப்பும் உள்ள தண்ணீரையே தேனீ விரும்பிக் குடிக்கும். சாணித்தண்ணீர்க் குட்டையில் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்களே! ஆகவே சட்டியில் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். பழைய தொட்டி விளிம்பிலிருந்து பாசிக்கல் இரண்டைக் கொண்டுவந்து போட்டால் வாடை பழகியதாக இருக்கும். வெல்லம் போடாதீர்கள். வெல்லத்துக்கு எறும்பும் கதண்டும் சேர்ந்து வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேங்கிய தண்ணீர் என்றால் கொசுவும் கூடவே வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். தேனீயிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றி டெங்குவிடம் கொடுத்த கதையாகிவிடக்கூடாது. சட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டிவிட்டு, உள்பக்கத்தைத் தேங்காய்நார் வைத்துத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புங்கள். தேய்ப்பது முக்கியம், கொசு முட்டை சட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பழைய மண்பானையின் அடியில் சிறு துளை போட்டுத் துணித்திரியைச் செருகி, மரக்கிளையில் தொங்கவிடுங்கள். கீழே ஒரு கூடை மணலைக் கொட்டிப் பரப்புங்கள். சொட்டுச்சொட்டாக விழும் தண்ணீரில் மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். தேனீ ஈரமணலில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் எங்கும் தேங்காததால் மணலில் கொசு முட்டையிட முடியாது. பானையின் வாயை மட்டும் துணியால் இறுகக் கட்டிவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

தொட்டியைத் தேனீக்குப் பிடிக்காததாக்குங்கள்

மாற்றுத் தண்ணீர் வைத்த கையோடு தொட்டியையும் கவனிக்க வேண்டும். பூச்சி நடுத்தண்ணீரில் இறங்காது. விளிம்புப் பாசியிலும், கசியும் குழாய் இணைப்பிலும், தொட்டியடிச் சேற்றிலும்தான் உட்காரும். பாசியைத் தேய்த்து எடுங்கள். கசியும் இடத்தை அடையுங்கள். ஒழுகும் தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள். குளிக்காத நேரத்தில் தொட்டியின் மேல் நாற்றங்காலுக்குக் கட்டும் பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டலாம். பூச்சிக்கும் தடை, இலை தழை விழாது, தவழும் பிள்ளை தொட்டியை எட்டிப்பார்ப்பதற்கும் ஒரு தடை. மாட்டுத்தொட்டிக்கு இது ஒத்துவராது. அங்கே பாசியைத் தேய்ப்பதோடு சரி.

தொட்டி மேட்டிலேயே மீன் கழுவுவதும், பலாச்சுளை தின்று சக்கையை எறிவதும், மாம்பழத்தோலைப் போடுவதும் கதண்டைத் தாம்பூலம் வைத்து அழைப்பதாகும். கதண்டு இனிப்புக்கும் வரும், மீன் இறைச்சிக்கும் வரும். கழிவைத் தள்ளிக் குழியில் போட்டு மண் மூடுங்கள். பதநீரோ சர்பத்தோ குடிக்கும் தம்ளரை உள்ளே பார்த்துவிட்டுக் குடிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தொண்டைக்குள் கொட்டினால் வீக்கம் மூச்சை அடைத்துவிடும்.

பிள்ளைகளைக் காலை 8 மணிக்கு முன்னால் குளிப்பாட்டிவிட்டால் பாதித் தொல்லை இல்லை. வெயில் ஏற ஏறத்தான் தண்ணீருக்கு வரும் பூச்சி கூடும்.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தொட்டியின் மேலோ தொட்டி ஓரத்திலோ அடிக்கவே கூடாது. அந்தத் தண்ணீரில்தான் பிள்ளை குளிக்கிறது, வாய் கொப்பளிக்கிறது, மாடு குடிக்கிறது. நாலு தேனீயைக் கொல்லப்போய்க் குடும்பத்துக்கே விஷம் வைக்கும் வேலை அது. தேனீ செத்தால் நட்டமும் நமக்குத்தான். பூசணி, புடலை, முருங்கை, எள், சூரியகாந்தி எல்லாம் காய்க்க அதன் உழைப்பு வேண்டும். குளவியும் பயிரில் புழுவைப் பிடித்துக்கொண்டு போகிற பூச்சிதான்.

கூடு பக்கத்திலேயே இருந்தால்

மோட்டார் அறையின் உள்கூரை, சுவிட்சுப் பெட்டியின் பின்புறம், கிணற்றுச் சுவர்ப் பொந்து, பனை தென்னையின் மட்டை இடுக்கு, வேலிப் புதர், வரப்புப் பொந்து ஆகிய இடங்களை வாரம் ஒரு முறை தூரத்திலிருந்து பாருங்கள். மோட்டார் போடப் போகிறவர் இருட்டில் கையை நீட்டுமுன் விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாக் கூடும் ஒன்றல்ல. சுவரில் மண் உருண்டையாக ஒட்டியிருப்பது வேட்டைக்குளவியின் கூடு. அது கூட்டமாக வாழ்வதில்லை. நாம் பிடித்து அழுத்தினாலொழியக் கொட்டாது. புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்குகிறது என்று சொல்வார்களே, உண்மையில் கொட்டி மயக்கிய புழுவைக் கூட்டுக்குள் அடைத்து, தன் குஞ்சுக்குத் தீனியாக வைக்கிறது. வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்றும் சில ஊர்களில் சொல்கிறார்கள். பிள்ளை எப்போது வேண்டும், எத்தனை வேண்டும் என்பதைக் கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள், குளவியிடம் விடாதீர்கள்!

காம்பில் தொங்கும் காகிதக் கூடு, கூட்டமாக வாழும் குளவியின் கூடு. ஒன்றிரண்டு பூச்சியும் நாலைந்து அறையுமாக இருக்கும் ஆரம்ப நாளிலேயே, குளவி வெளியே போன சமயத்தில் நீளக் குச்சியால் தட்டிவிட்டால் முடிந்தது. உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து பூச்சி நிறைந்துவிட்டால் தொடாதீர்கள்.

கதண்டுக் கூடும் மலைத்தேன் கூடும் முற்றிலும் வேறு சங்கதி. கதண்டைச் சில பக்கம் கடந்தை என்பார்கள், கதம்பவண்டு என்றும் சொல்வார்கள். பனையில் குடம் கவிழ்த்தாற்போலத் தொங்கும். ஒரு வகை தரைப் பொந்திலும் கூடு வைக்கும். மலைத்தேனீ உயரமான மரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கத்திலும் முறம்போல ஒற்றை அடையாகக் கட்டும். இரண்டும் கூட்டமாகக் கிளம்பித் துரத்தும். கல்லெறிவது, அடியில் குப்பை கொளுத்துவது, வெடி போடுவது மூன்றும் உயிருக்கு உலை. கல்யாணமோ சாவோ, வெடி வைக்கிறவர்கள் முதலில் மேலே பார்க்க வேண்டும்.

ராத்திரிப் பந்தம் பற்றிச் சொல்லிவிடுவோம். கலைந்த பூச்சி வெளிச்சத்தை நோக்கியே பறந்து வரும்; பந்தம் பிடித்தவர்தான் முதலில் மாட்டுவார். பனை உச்சியிலிருந்து பயந்து கீழே விழுந்தவர் உண்டு, காய்ந்த மட்டையில் பிடித்த தீ கூரைக்குத் தாவியதும் உண்டு. குடித்துவிட்டுத் தைரியமாகக் கிளம்புகிறவரை மனைவிதான் தடுத்து நிறுத்த வேண்டும். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையினர் உரிய உடுப்போடு வந்து இந்தக் கூடுகளை அகற்றித் தருகிறார்கள். 101 அல்லது 112 என்ற எண்ணுக்குச் சொன்னால் போதும். அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கூட்டம் துரத்தினால்

ஓட வேண்டும். கையை வீசாமல், துண்டையோ முந்தானையையோ தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, வழி தெரிகிற அளவுக்குக் கண்ணை மட்டும் திறந்து, நேராக ஓடிக் கதவுள்ள வீட்டுக்குள் நுழைந்து தாழ் போடுங்கள். நூறு இருநூறு அடி ஓடிவிட்டு நிற்காதீர்கள், அதையும் தாண்டித் துரத்தும். தேனீ கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாடை போன்ற ஒரு வாடை கிளம்பி மற்றத் தேனீக்களைக் கூப்பிடும். அதனால் நின்று அடித்து நசுக்கிக்கொண்டிருந்தால் கூட்டம் பெருகுமே தவிரக் குறையாது.

கிணற்றிலோ தொட்டியிலோ குதிக்கலாமா? கூடாது. 'தண்ணிக்குள்ள முங்கிட்டா போயிடும்' என்று ஊரில் சொல்வதை நம்பிக் குதிப்பவர் உண்டு. தேனீ போகாது. மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். மூச்சுக்குத் தலையைத் தூக்கும்போது தலையிலும் முகத்திலும் கொட்டும். வாயைத் திறந்தால் வாய்க்குள்ளும் போகும். புடவையோடு கிணற்றில் குதித்த பெண்ணின் கதி என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் வந்தாலும், தண்ணீரைவிட்டு வெளியேறி வீட்டுக்குள் ஓடுவதே சரி. வெட்கம் பார்க்கிற நேரமல்ல, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஓடுங்கள்.

கட்டியிருக்கும் மாடு ஓட முடியாமல் அடிபடும். கையெட்டும் தூரத்தில் இருந்தால் முளைக்கயிற்றை அறுத்துவிடுங்கள். மாட்டுக்காகக் கூட்டத்துக்குள் திரும்பிப் போகாதீர்கள்.

கொட்டிவிட்டால் என்ன செய்வது?

முதலில் கொடுக்கைப் பாருங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கும் விஷப்பையும் தோலிலேயே தங்கிவிடும். பை தானாகத் துடித்து விஷத்தை உள்ளே செலுத்தும். பெரும்பகுதி முதல் அரை நிமிஷத்துக்குள் இறங்கிவிடும். நகத்தால் வழித்தோ பிடுங்கியோ உடனே எடுத்துவிடுங்கள். எப்படி எடுப்பது என்பதைவிடச் சீக்கிரம் எடுப்பதே பெரிது. குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப்போகாது. ஒரே பூச்சி பல முறை கொட்டும்.

அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குமுன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். சுண்ணாம்பு தடவினால் தோல் வெந்துபோகும். சாணி அப்பினால் ரண ஜன்னி வரும் வழியைத் திறந்துவிடுகிறோம். டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். வெங்காயம் தேய்ப்பதால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வெங்காயம் தேடுவதில் நேரம் போக்காதீர்கள். கொட்டிய இடம் 2 நாள் வரை வீங்கிக்கொண்டே போய், அரிப்புடன் ஒரு வாரம் இருக்கலாம். அது சாதாரணம். பால் கொடுக்கும் தாய் தொடர்ந்து பால் கொடுக்கலாம்.

சாதாரணமில்லாதது எது என்பதைத்தான் மனத்தில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். கொட்டியது காலில், ஆனால் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது. உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குகிறது. குரல் கம்முகிறது, மூச்சு இழுக்கிறது. வாந்தி, வயிற்றுவலி, தலை கிறுகிறுப்பு, மயக்கம் வருகிறது. சின்னக் குழந்தையானால் திடீரென்று துவண்டு, அழக்கூட முடியாமல் வெளிறிப்போகிறது. இவற்றில் எது வந்தாலும் அது ஒவ்வாமையால் வரும் அதிர்ச்சி. ஒரே ஒரு கொட்டுப் போதும், ஆளைச் சாய்த்துவிடும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். சில நிமிஷத்திலும் வரலாம்.

இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கச் சதையில் போடுவார்கள். இந்த ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அரிப்பு மாத்திரை இதற்கு ஈடாகாது. மந்திரிப்பதும் வேப்பிலை அடிப்பதும் நேரத்தைத் தின்னும் வேலை. 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 வண்டியைக் கூப்பிடுங்கள்; காசு கேட்கமாட்டார்கள். வண்டி வர நேரமாகும் என்று தோன்றினால் கிடைத்த வண்டியில், வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே முதலில் போங்கள்.

மயங்குகிறவரை உட்காரவைத்தோ நடக்கவைத்தோ கூட்டிப் போகாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறுகிறவரைச் சாய்ந்து உட்காரவிடலாம். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கர்ப்பிணியை இடது பக்கமாக ஒருக்களிக்க வேண்டும். 'புள்ளத்தாச்சிக்கு ஊசி கீசி வேண்டாம்' என்று பெரியவர்கள் தடுப்பார்கள். இந்த ஊசியை மறுப்பதுதான் ஆபத்து. தாயின் இரத்த அழுத்தம் விழுந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். ஊசி போட்டதும் தெளிந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்துவரவும் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வருவதுண்டு. இருக்கச் சொல்லும் நேரம்வரை இருங்கள்.

ஒவ்வாமை இல்லாவிட்டாலும் கொட்டின எண்ணிக்கை கூடினால் விஷமே வேலை செய்யும். பிள்ளைக்கு 10 கொட்டு, பெரியவருக்கு 20, 30 கொட்டு விழுந்திருந்தால், ஆள் தெம்பாக எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும். கதண்டு பல இடத்தில் கொட்டினால் சதை சிதைந்து, இரத்த அணுக்கள் உடைந்து, ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் குறைந்தாலோ, கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று நோயாளியிடம் கேட்க வெட்கப்படுகிறோம். மனைவி கணவனைக் கேட்கலாம், கணவன் மனைவியைக் கேட்கலாம். கேளுங்கள். கண்ணில், வாயில், தொண்டையில் கொட்டினால் ஒரு கொட்டானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். சில மாத்திரைகள் அட்ரினலின் ஊசியின் வேலையை மட்டுப்படுத்தும். தெரிந்தால் அவர் அதற்கேற்ப மருந்து கொடுப்பார்.

உங்கள் வீட்டில் முன்பு எப்போதாவது தேனீயோ குளவியோ கொட்டி, உடம்பெல்லாம் தடித்தவரோ மயங்கியவரோ இருக்கிறாரா? 'போன தடவ தாங்கிக்கிட்டேன், இந்தத் தடவையும் தாங்கிக்குவேன்' என்று அவர் இருக்கக் கூடாது. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். அவரைத் தொட்டி கழுவவோ தோப்பில் மட்டை வெட்டவோ அனுப்பாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அடுத்த முறை வரும்போது அவர் பெயரைச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ராத்திரியிலும் ஊசி போடும் ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் எது என்பதையும் அப்போதே கேட்டு, 108, 101 என்ற எண்களோடு மோட்டார் அறைக் கதவின் உள்பக்கம் கரியாலோ பெயிண்டாலோ எழுதி வையுங்கள்.